சிறுசேரியிலிருந்து நிலாவூருக்கு

கொல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1693-ல். கல்லறையில் பதித்திருக்கும் கரிய கல், சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வங்கத்துக்குப் போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லின் வகையை ஆராய்ந்து, சார்னாக்கின் நினைவாக அதற்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் நீலகிரியும் பெரும்பாலும் இதே கல்லால் ஆனவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள கல்.

சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் குடியிருந்துகொண்டு, மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டவேண்டும் என்று ஆசைப்படுகிற எல்லோருக்கும் இந்தச் செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். நம் பக்கத்திலும் அந்தக் கல் தலைதூக்கி நின்ற இடங்கள் உண்டு. திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம், ஒட்டியம்பாக்கம் என்று வரிசையாக வெட்டி எடுத்து ஜல்லியாக்கி, அதன் மேல்தான் இன்று நாம் வண்டி ஓட்டுகிறோம். ஒட்டியம்பாக்கத்தில் குன்று இருந்த இடத்தில் ஆழமான பச்சைத் தண்ணீர் நிற்கிறது. நன்மங்கலத்தில் கைவிட்ட குவாரியின் விளிம்பில் கொம்பன் ஆந்தைகள் குடியேறி, அந்தக் காட்டைக் காப்பாற்றச் சொல்ல நமக்கு ஒரு காரணம் கொடுத்திருக்கின்றன. வெட்டப்படாமல் மிச்சமிருக்கும் மேடுகள் வண்டலூர் காப்புக்காட்டிலும் திருப்போரூருக்கு மேற்கேயும் திருக்கழுக்குன்றத்திலும் இருக்கின்றன. மலைக்குப் போகும் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம்.

சிறுசேரி கடல் மட்டத்துக்குச் சில மீட்டர்தான் மேலே இருக்கிறது. கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும், மேற்கே ஏரிகளும் வயல்களும். மத்திய கைலாஷில் தொடங்கும் ஆறு வழிச் சாலை 2008-ல் இங்கேதான் வந்து முடிந்தது. சிப்காட் வளாகம் நிரம்பியது. இப்போது மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ பாதையும் இங்கேதான் முடியப்போகிறது. ஓஎம்ஆர் என்று நாம் சொல்லும் அந்தச் சாலை சைக்கிளுக்கானது அல்ல. கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, மெட்ரோ வேலைத் தடுப்பு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சைக்கிள்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஏழு மணிக்குள் பெரிய சாலையை விட்டு விலகிவிடுகிறார்கள். ஞாயிறு காலை ஈசிஆர் என்கிற கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் பின்விளக்குமாகப் போகும் கூட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரும்பாலோர் கோவளத்தையோ மாமல்லபுரத்தையோ தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அருமையான சாலைதான். ஆனால் தட்டை.

நான் பரிந்துரைப்பது உள்நாட்டு வட்டம். சிறுசேரியிலிருந்து படூர், கேளம்பாக்கம், தையூர் வழியாகத் திருப்போரூர். கந்தசாமி கோயில் குளத்தருகே ஒரு டீ. அங்கிருந்து மேற்கே திரும்பிச் செங்கல்பட்டுச் சாலை. காப்புக்காட்டின் ஊடே சாலை ஏறி இறங்கத் தொடங்கியதும், தொடையில் இதுவரை தெரியாத ஒரு தசை விழித்துக்கொள்ளும். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கு 565 படிகள். சைக்கிள் செருப்போடு ஏற முடியாது, வெறுங்காலோடு ஏறிப் பாருங்கள், கால் எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு மாமல்லபுரம், பூஞ்சேரி, மறுபடி ஓஎம்ஆர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கடைசி முப்பது கிலோமீட்டரைக் காற்று தீர்மானிக்கும். வாடைக் காற்று காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்புகிறவர் முகத்தில் அது அறைந்துகொண்டே வரும். மலை இல்லாத ஊரில் காற்றுதான் ஏற்றம். எதிர்காற்றில் ஒரு மணி நேரம், சீராக, மூச்சு வாங்காமல் மிதிக்கக் கற்றவர் பாதி மலையை ஏறிவிட்டார். மேடவாக்கம் மேம்பாலத்தில் விடியற்காலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. அதுவும் பயன்படும், ஆனால் ஏற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மலை உங்களை ஒரு மணி நேரம் விடாது.

அந்த ஒரு மணி நேரம் என்ன கேட்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஏலகிரி அடிவாரத்திலிருந்து மேலே அத்தனாவூர் வரை ஏறவேண்டிய உயரம் சுமார் 600 மீட்டர். ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் 10 கிலோ என்றால், அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 500 கிலோஜூல் சக்தி வேண்டும். உடல் தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குக் கொடுக்கும். ஆகவே செலவு 480 கலோரி அளவில் வரும். பத்து இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமாரான பயிற்சியுள்ளவர் தொடர்ந்து 150 வாட் கொடுக்க முடிந்தால், தூக்கும் வேலைக்கு மட்டுமே 55 நிமிடம். டயர் உராய்வும் காற்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும்.

கியர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலையில் தள்ளிக்கொண்டு நடப்பவர்களில் பாதிப் பேர் காலில் வலு இல்லாமல் நடப்பதில்லை. அவர்கள் வண்டி அந்த ஏற்றத்துக்குப் பொருத்தமானதாக இருக்காது. நம் ஊர் கியர் இல்லாத சைக்கிள் ஒரு முழு மிதிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். தட்டையான தெருவுக்கு அது சரி. முன்னால் 34 பல், பின்னால் 32 பல் வைத்த ரோட் சைக்கிளில் ஒரு மிதிக்கு இரண்டேகால் மீட்டர்தான். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலும் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க முடிகிறது, முட்டி தப்பிக்கிறது. புது வண்டி வாங்கும்போது கடைக்காரரிடம் எடையைக் கேட்பதற்கு முன் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கேளுங்கள்.

சென்னைக்காரர்களின் முதல் மலை பெரும்பாலும் ஏலகிரிதான். சிறுசேரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சைக்கிளிலேயே போகிறவர்கள் உண்டு. பி.ஆர்.எம். என்று சொல்லப்படும் நெடுந்தூரச் சவாரிகளில் பழகியவர்களுக்கு அந்தத் தூரம் புதிதல்ல. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், 300-ஐ இருபது மணிக்குள், 600-ஐ நாற்பது மணிக்குள். ஆனால் முதல்முறை மலையேறப் போகிறவர் நெடுஞ்சாலையின் லாரிப் புகையில் காலைத் தீர்த்துவிட்டு அடிவாரத்தில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாலையில் சென்ட்ரலிலிருந்து புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஜோலார்பேட்டையில் விட்டுவிடும். இரவு அங்கே தங்கிவிட்டு, விடியலில் அடிவாரத்துப் பொன்னேரி வழியாக மலைச்சாலையைப் பிடிக்கலாம்.

ஏலகிரி சாலைக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், அவ்வையார், பாரதியார், பாரதிதாசன் என்று ஏழு புலவர்கள். பாரி, காரி, ஓரி, அதியமான், நள்ளி, ஆய், பேகன் என்று ஏழு வள்ளல்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பெயர்ப்பலகை. பிரான்சில் ஆல்ப் துவேஸ் என்று ஒரு மலைச்சாலை இருக்கிறது. 21 வளைவுகள், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர், சராசரி எட்டு சதவீத ஏற்றம். 1952-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாக அங்கே ஏறியபோது இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி வென்றார். அந்த வளைவுகளில், அந்த ஏற்றத்தில் வென்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. நம் மலையில் வென்றவர் யாருமில்லை. பாடியவர்களும் கொடுத்தவர்களும் நிற்கிறார்கள். மூச்சிரைக்க ஏறும்போது அடுத்த பலகையில் யார் என்று எதிர்பார்ப்பது உண்மையாகவே உதவுகிறது. தேரைக் கொடுத்தவனையும் போர்வையைக் கொடுத்தவனையும் கடந்து போகிறவருக்கு, கையிலிருக்கும் கடலை மிட்டாயைப் பக்கத்தில் ஏறுகிறவரோடு பங்கிட்டுக்கொள்ளத் தோன்றும்.

கடைசி வளைவில் படம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராவா செயலியில் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு, அத்தனாவூரில் டிபன் முடித்து அப்படியே இறங்கிப் போய்விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. மலைச்சாலை எதற்காகப் போடப்பட்டது? மேலே ஊர்கள் இருப்பதால். ஏலகிரியின் மேல்தளத்தில் 14 சிற்றூர்கள் இருக்கின்றன. அத்தனாவூரிலிருந்து புங்கனூர் ஏரியைத் தாண்டி மங்கலம் பக்கம் ஒரு சாலை, நிலாவூர் பக்கம் ஒரு சாலை. ஓட்டு வீடுகள், பலா மரங்கள், சாலையோரம் காயப்போட்ட தானியம். கீழே ஜோலார்பேட்டையைவிட நாலு டிகிரி குளிர்ச்சி. சின்னச் சின்ன மேடுகள், யாரும் துரத்தாத இறக்கங்கள். நிலாவூரில் கதவுநாச்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து ஜலகாம்பாறை அருவிக்குக் காட்டுப் பாதை இறங்குகிறது, நடந்துதான் போகவேண்டும். வளைவுகள் ஊருக்குப் போகும் வாசற்படி. படியை எண்ணிவிட்டு வீட்டுக்குள் நுழையாமல் திரும்புகிற விருந்தாளியை எந்த ஊர்க்காரர் மெச்சுவார்?

ஏலகிரியின் கல் வேறு. சயெனைட் என்ற தனி வகை. சார்னோகைட்டைத் தேடுகிறவர் சேலத்துக்குப் போகவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன். பக்கத்திலேயே இருக்கும் ஜவ்வாது மலையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை, ஏனென்றால் கூட்டம் அங்கே இன்னும் போகவில்லை.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், ஆலங்காயத்திலிருந்து காவலூர், அங்கிருந்து ஜமுனாமரத்தூர், பிறகு கிழக்குப் பக்கம் இறங்கிப் போளூர். ஒரு மலையை ஒரு பக்கம் ஏறி, குறுக்கே கடந்து, மறுபக்கம் இறங்கும் சாலை. வந்த வழியே திரும்பவேண்டியதில்லை. போளூரில் விழுப்புரம்–காட்பாடிப் பாதையின் ரயில் நிலையம் இருக்கிறது. ஏற்றங்கள் ஏலகிரியைப் போல ஒரே மூச்சாக வராது. காடு, ஊர், மறுபடி காடு என்று தவணை முறையில் வரும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இது கருணையான மலை.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கியது. 1986-ல் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே செயல்படத் தொடங்கியது. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள். நகர வெளிச்சம் படாத வானம் வேண்டும் என்றுதான் வானியலாளர் பாப்பு இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். சைக்கிள்காரர்களிடம் இப்போது கார் விளக்கைப் போலப் பளீரிடும் முன்விளக்குகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் இருட்டில் ஓட்ட நேர்ந்தால் விளக்கைக் குறைத்து, கீழ்நோக்கித் திருப்பி ஓட்டுங்கள்.

ஜமுனாமரத்தூர் பெரிய ஊர் இல்லை. ஆனால் சுற்றியிருக்கும் மலையூர்களுக்கெல்லாம் அதுதான் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். அங்கே இரண்டு இரவு தங்கி, பை எதுவுமில்லாமல் வெறும் தண்ணீர்ப் பாட்டிலோடு ஒவ்வொரு திசையாக ஓட்டிப் பார்ப்பதுதான் என் அறிவுரை. ஒருநாள் பீமன் அருவி. மறுநாள் சாமை வயல்களின் ஓரமாகக் கண்ணுக்குத் தெரிகிற சாலையெல்லாம். சில சாலைகள் ஒரு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும். திரும்பி வருவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. தேனும் சாமையும் புளியும் இந்த மலையின் விளைச்சல். சந்தையிலோ விளைவித்தவரிடமோ வாங்குங்கள், அவர் சொன்ன விலைக்கு வாங்குங்கள். ஆயிரக்கணக்கில் விலையுள்ள சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு அரைக் கிலோ சாமைக்குப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு வழக்குக் கதை உண்டு. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாம். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று குடியேறினார்களாம். கடைத் திண்ணையில் உட்காரும் சைக்கிள்காரரிடம் பெரியவர்கள் முதலில் கேட்பது "எந்த ஊருங்க தம்பி?" என்பதுதான். சென்னை என்று பொதுவாகச் சொல்லாமல், செங்கல்பட்டுப் பக்கம், காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி வேறு மாதிரி வரும்.

இனி சார்னோகைட் மலைகளுக்கு வருவோம். சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். விடுமுறை நாட்களில் கார்கள் வரிசையாக நிற்கும் சாலை அது. மே மாதக் கோடை விழா சமயத்தில் சைக்கிளோடு அந்தப் பக்கமே போகவேண்டாம். ஏறுவது எப்படியிருந்தாலும், மேலே ஏரியிலிருந்து நாகலூர், மஞ்சகுட்டை வழியாகக் காபித் தோட்டங்களுக்கு நடுவே சுற்றிவரும் 32 கிலோமீட்டர் வட்டச் சாலையை விட்டுவிடாதீர்கள். இறங்குவதற்குக் குப்பனூர் வழி இருக்கிறது.

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள். தமிழ்நாட்டுச் சைக்கிள்காரர்களிடையே இந்த எண்ணுக்கு ஒரு மந்திர சக்தியே இருக்கிறது. ஏறியவர் எழுபதையும் ஏறினேன் என்பார். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் சோளக்காடு வரை தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் நெல் வயல்கள் இருக்கின்றன, மிளகுக் கொடி ஏறிய மரங்கள் இருக்கின்றன, வாழையும் அன்னாசியும் பலாவும் இருக்கின்றன. ஊர்ப் பலகைகளில் வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று 'நாடு' என்ற பழைய பிரிவு இன்னும் உயிரோடிருக்கிறது. செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் விழா எடுக்கிறார்கள். ஏலகிரியில் ஒரு வளைவுக்குப் பெயராக நின்றவன் இங்கே மலைக்கே சொந்தக்காரன். செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் சாலை பள்ளத்தாக்குகளில் விழுந்து எழுந்து போகிறது. அந்த ஒரு சாலையை முன்னும் பின்னும் ஓட்டினாலே காரவள்ளி ஏற்றத்தின் பாதி வேலை காலுக்கு மறுபடி கிடைத்துவிடும். கோயிலுக்கு அருகே ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கவேண்டும். இறங்கினால் ஏறவேண்டும் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

இறக்கத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. ஏலகிரியில் ஏறும்போது உடல் கொடுத்த 500 கிலோஜூலும் இறங்கும்போது எங்கேயாவது போயாகவேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறும். ரிம் பிரேக் வண்டியில் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். நேர்ச்சாலையில் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திரும்பவேண்டும். கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்துக்கு முழுச் சாலையும் தேவை. ஹாரன் கேட்டால் நின்றுவிடுங்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடவேண்டும் என்பது சாலை விதி. அந்தப் பேருந்தில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிற தாயும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நமக்கு விளையாட்டாக இருக்கும் சாலை அவர்களுக்கு ஒரே சாலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து கல் உருண்டு கிடக்கும் வாரங்களில் நாம் போகாமலிருப்பதே நல்லது. தையும் மாசியும் தோதான மாதங்கள்.

இவ்வளவுக்கும் நடுவே பெரிய தடை மலை இல்லை, மலைக்குச் சைக்கிளைக் கொண்டுபோவதுதான். ரயிலில் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து, பெட்ரோல் வண்டிகளோடும் மீன் பெட்டிகளோடும் அடுக்கி அனுப்பவேண்டும். அல்லது இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பையில் கட்டி, இருக்கைக்கு அடியில் திணித்துச் சக பயணிகளின் கோபத்தைச் சம்பாதிக்கவேண்டும். கொச்சி மெட்ரோ 2020 முதல் சைக்கிள்களை ரயிலுக்குள் அனுமதிக்கிறது. சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ ஓடத் தொடங்கும்போது, ஞாயிறு அதிகாலை ரயில்களிலாவது ஒரு பெட்டியைச் சைக்கிளுக்கு ஒதுக்கவேண்டும். ஏலகிரி எக்ஸ்பிரஸின் ஒரு பெட்டியில் பத்துச் சைக்கிளை நிறுத்தக் கொக்கி வைத்தால் போதும். வெள்ளி மாலை வேலை முடித்துக் கிளம்புகிற சிப்காட் ஊழியர் சனி காலை பத்து மணிக்கு நிலாவூரில் இருப்பார். கார் ஒன்று குறையும், அத்தனாவூரில் ஒரு அறைக்கு வாடகை கிடைக்கும். தெற்கு ரயில்வேக்கும் சென்னை மெட்ரோவுக்கும் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து எழுதவேண்டிய விண்ணப்பம் இது. மெட்ரோ நிலையங்களின் உள்வேலை முடிவதற்குள் எழுதினால்தான் லிஃப்டின் அளவையாவது மாற்றச் சொல்லிக் கேட்க முடியும்.